டிரம்ஸ் ரெடி, டிரம்மர் யார்?

ஒரு பாட்டுக்கு வீட்டிலேயே, கம்ப்யூட்டரில் டிரம் சாஃப்ட்வேரை வைத்து ரிதம் போட்டு முடித்திருந்தேன். மூன்று ராத்திரி வேலை. சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கும் தம்பி ஒருவன் வந்திருந்தபோது, ஹெட்போனைக் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் தட்டியபடி கேட்டான். பல்லவி முடிந்து சரணத்துக்குத் திரும்பும் இடத்தில் ஒரு ஃபில், அதாவது இடைவெளியை நிரப்பும் உருட்டல், வரும். அங்கே தட்டுவது நின்றது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "அண்ணே, இவனுக்கு எத்தனை கை?" என்றான்.

எண்ணிப் பார்த்தால் மூன்று. ரெண்டு கையும் டாம்களில் (உருட்டி வாசிக்கும் டிரம்களில்) உருண்டுகொண்டிருக்கும்போது ஹை-ஹேட் (ஜோடித் தட்டு) தன் பாட்டுக்கு டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. போதாததற்கு ஃபில் முடியும் முன்பே ஒரு க்ராஷ் (பெரிய தட்டில் ஓங்கி ஓர் அடி) வேறு. சாஃப்ட்வேரில் எந்தக் குறையும் இல்லை. ஸ்நேர், அதாவது அடியில் கம்பிச்சுருள் உள்ள டிரம், நிஜமான ஸ்நேர். நல்ல ஸ்டூடியோவில், நல்ல மைக்கில், கை தேர்ந்த ஒருவர் அடித்துப் பதிவு செய்தது. வாசித்த ஆள்தான் சரியில்லை. அந்த ஆள் நான்.

வீட்டில் இசை செய்யத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் "எந்த டிரம் சாஃப்ட்வேர் வாங்கலாம்?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு சரக்குகள் இங்கே விற்கப்படுகின்றன. ஒன்று ஓசை, அதாவது அடித்தால் எப்படிக் கேட்கும் என்பது. இன்னொன்று வாசிப்பு, அதாவது எப்போது, எவ்வளவு பலமாக, எந்தக் கையால் அடிப்பது என்பது. விளம்பரங்கள் எல்லாம் முதல் சரக்கைப் பற்றியே பேசும்: இத்தனை ஜி.பி., இத்தனை மைக், இன்ன ஸ்டூடியோ. வாங்கிய பிறகு நாம் திணறுவது இரண்டாவதில்தான்.

அறைக்குத்தான் விலை

முதலில், டிரம்ஸுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெரிய சாஃப்ட்வேர் சந்தை? கிடாரையும் குரலையும் வீட்டில் பதிவு செய்துவிடலாம். ஒரு மைக், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஜன்னலைச் சாத்த ஒரு கை, அவ்வளவுதான். டிரம்ஸ் அப்படி இல்லை. கிக்குக்கு (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) உள்ளே ஒன்று வெளியே ஒன்று, ஸ்நேருக்கு மேலே ஒன்று கீழே ஒன்று, டாம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, ஹை-ஹேட்டுக்கு ஒன்று, தலைக்கு மேலே இரண்டு, அறையின் மூலையில் இரண்டு என்று கணக்கு பத்தைத் தாண்டும். அத்தனை மைக்குக்கும் வழி உள்ள இன்டர்ஃபேஸ் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட, அறை வேண்டும். டிரம்ஸின் ஓசையில் பாதி அந்த அறையின் ஓசைதான். பத்துக்குப் பத்து அறையில், தாழ்ந்த கூரைக்குக் கீழே அடித்தால், எவ்வளவு விலை உயர்ந்த சிம்பலும் (உலோகத் தட்டு) தகர டப்பா மாதிரி கூரையில் மோதித் திரும்பும். ஆகவே டிரம் சாஃப்ட்வேர் வாங்கும்போது நாம் முக்கியமாக வாங்குவது ஒரு அறையை. ஸ்வீடனைச் சேர்ந்த டூன்ட்ராக் நிறுவனம் 2022-ல் வெளியிட்ட ஈஸிடிரம்மர் 3-ன் அடிப்படைத் தொகுப்பு பெர்லினில் உள்ள ஹான்ஸா ஸ்டூடியோவில் பதிவானது. அதே நிறுவனத்தின் சுப்பீரியர் டிரம்மர் 3 (2017) பெல்ஜியத்தில் உள்ள கேலக்ஸி ஸ்டூடியோவில் பதிவானது. பதிவு செய்தவர் ஜார்ஜ் மாசன்பர்க். இன்று எல்லா மிக்ஸிங் சாஃப்ட்வேரிலும் இருக்கும் பாராமெட்ரிக் ஈக்வலைசரை (ஓசையில் வேண்டிய பகுதியைத் தேர்ந்து கூட்டிக் குறைக்கும் கருவி) பற்றி 1972-லேயே கட்டுரை படித்த மனிதர். நம் வீட்டு மாடியறையில் அந்த ஆளையும் அந்த அறையையும் இறக்குவதற்குத்தான் காசு.

சிம்பலுக்கு இடமில்லாத பெட்டி

பதிவு செய்த ஓசையை வைத்து டிரம்ஸ் வாசிக்கும் கருவி புதிதல்ல. அமெரிக்கரான ரோஜர் லின் 1980-ல் கொண்டுவந்த எல்.எம்-1 தான், நிஜ டிரம்ஸை டிஜிட்டலில் பதிவு செய்து சிப்பில் அடைத்து விற்ற முதல் டிரம் மெஷின். மொத்தம் சில நூறுதான் தயாரானது. ஏறத்தாழ 5,000 டாலர் விலை. அதில் கிக், ஸ்நேர், டாம், டாம்பரின், கைத்தட்டல் எல்லாம் உண்டு. க்ராஷ் சிம்பலும் ரைடு சிம்பலும் மட்டும் கிடையாது. மறந்துபோய் விட்டதல்ல. சிம்பல் ஓசை அடங்க நெடுநேரம் ஆகும். அத்தனை விநாடிகளைச் சேமிக்க அன்றைய மெமரி சிப்பின் விலை கட்டுப்படியாகவில்லை. 1982-ல் வந்த லின்டிரம்மில்தான் சிம்பல்கள் இடம்பிடித்தன.

இந்தப் பழங்கதையைச் சொல்லக் காரணம், இன்றைய ஜி.பி. கணக்கின் சூட்சுமமும் அதே சிம்பல்தான். காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். 24 பிட், 44,100 ஹெர்ட்ஸில் ஒரு மைக்கின் ஒரு விநாடிப் பதிவுக்கு 1,32,300 பைட் வேண்டும். ஸ்நேரை ஒருமுறை அடித்தால் ஓசை அடங்க இரண்டு விநாடி என்று வையுங்கள். எட்டு மைக்கில் பதிவு செய்தால் அந்த ஒரே அடிக்கு சுமார் 2.1 எம்.பி. மெதுவாகத் தொடுவதிலிருந்து ஓங்கி அடிப்பது வரை 20 படிகள். ஒவ்வொரு படியிலும் ஐந்து மாற்று அடிகள். ஆக 100 அடிகள், 210 எம்.பி. இது ஸ்நேரின் நடுவில் அடிப்பது மட்டும். விளிம்போடு சேர்த்து அடிப்பது, குச்சியைப் படுக்கவைத்துத் தட்டுவது, உருட்டுவது என்று ஐந்து விதம் சேர்த்தால் ஒரே ஒரு ஸ்நேர் ஒரு ஜி.பி.யைத் தாண்டிவிடும். க்ராஷ் சிம்பலுக்கு இரண்டு விநாடிக்குப் பதில் பதினைந்து விநாடி போட்டுக்கொள்ளுங்கள்: ஒரு அடிக்கே 16 எம்.பி. சுப்பீரியர் டிரம்மர் 3-ன் முழுத் தொகுப்பு 230 ஜி.பி.யைத் தொடுவது இப்படித்தான்.

அந்த 20 படிகளும் ஐந்து மாற்றுகளும் வெட்டிச் செலவா என்றால் இல்லை. மிடி என்பது ஓசையை அல்ல, எந்த அடி, எப்போது, எவ்வளவு பலம் என்பதை மட்டும் குறித்துவைக்கும் முறை. அதில் ஒவ்வொரு அடிக்கும் 1 முதல் 127 வரை ஒரு எண் உண்டு. வெலாசிட்டி என்பார்கள். 40-ல் அடிக்கும் ஸ்நேரும் 120-ல் அடிக்கும் ஸ்நேரும் சத்தத்தில் மட்டும் வேறுபடுவதில்லை, குணத்திலேயே வேறு. மெதுவாகத் தொட்டால் கீழே உள்ள கம்பிச்சுருள் மட்டும் லேசாகச் சிலிர்க்கும். ஓங்கி அடித்தால் மரச்சட்டமே பேசும். ஒரே பதிவை ஒலி குறைத்துக் காட்டினால் காது ஏமாறாது. மாற்று அடிகளுக்கும் அப்படியொரு காரணம் இருக்கிறது. மனிதக் கை ஒரே இடத்தில் ஒரே மாதிரி இருமுறை அடிக்காது. ஒரே சாம்பிளை (பதிவு செய்த ஒரே அடியை) வேகமாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் தடதடவென்று இயந்திரத் துப்பாக்கி மாதிரி கேட்கும். ஸ்நேர் உருட்டலைப் புரோகிராம் செய்து பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

ஆனால் ஒரு அளவுக்கு மேல் இந்த எண்கள் ஜம்பத்துக்குத்தான். பாஸ், கிடார், கீபோர்டு, குரல் எல்லாம் சேர்ந்த ஒரு பாட்டில், ஸ்நேருக்குப் பத்துப் படி இருக்கிறதா இருபது இருக்கிறதா என்று நான் இதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை, நான் உட்பட. தனியாக டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் இடங்களிலும், ஜாஸ் மாதிரி மெல்லிய வாசிப்பிலும்தான் அந்த நுணுக்கம் வெளியே வரும்.

சமைத்ததா, பச்சையா

இந்தச் சாஃப்ட்வேர்களுக்குள் உள்ள பெரிய பிரிவினை, ஓசையைச் சமைத்துத் தருகிறார்களா பச்சையாகத் தருகிறார்களா என்பது. கடைகளில் இதை யாரும் எழுதி ஒட்டுவதில்லை.

ஈஸிடிரம்மர், ஸ்டாக்ஹோமின் எக்ஸ்.எல்.என் ஆடியோ தரும் அடிக்டிவ் டிரம்ஸ் 2, ஸ்டீவன் ஸ்லேட் டிரம்ஸ் இவையெல்லாம் சமைத்த வகை. திறந்தவுடன் ஈக்வலைசர், கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது) எல்லாம் போட்ட ஓசை வரும். பாட்டுக்கு அடியில் வைத்தால் பெரும்பாலும் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். அடிக்டிவ் டிரம்ஸின் தொகுப்புகள் அளவிலும் சின்னவை. பழைய லேப்டாப்பிலும் முக்காமல் ஓடும். ஸ்லேட் டிரம்ஸின் ஸ்நேர் ராக், மெட்டல் ஆட்களுக்காகவே பிறந்தது மாதிரி இருக்கும். மெல்லிசைக்குள் அதைக் கொண்டுவந்தால் கல்யாண வீட்டில் பட்டாசு வெடித்த கதைதான்.

சுப்பீரியர் டிரம்மர் 3-ம் பி.எஃப்.டி 3-ம் பச்சை வகை. ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகக் கைக்கு வரும். கிக்கை அடிக்கும்போது ஸ்நேர் மைக்கில் விழும் கசிவைக்கூட எவ்வளவு வேண்டும் என்று நாமே முடிவு செய்யலாம். மிக்ஸிங் தெரிந்தவருக்கு இது சொர்க்கம். தெரியாதவர் ஒரு மாதம் உட்கார்ந்து, கடைசியில் அவர்களே முன்கூட்டி அமைத்துத் தந்த பிரீசெட்டைப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். அந்தப் பிரீசெட்டைப் பாதி விலைக்குள் ஈஸிடிரம்மரில் வாங்கியிருக்கலாம்.

டூன்ட்ராக்கைப் பொறுத்தவரை இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டியது. ஈஸிடிரம்மருக்கு என்று வாங்கிய கூடுதல் தொகுப்புகளைப் பின்னால் சுப்பீரியரிலும் திறக்கலாம். சுப்பீரியருக்கு என்று வந்தவற்றை ஈஸிடிரம்மரில் திறக்க முடியாது. ஆகவே சின்னதில் தொடங்கி மேலே போனால் நஷ்டமில்லை. இந்தக் கூடுதல் தொகுப்புகள்தான் உண்மையான செலவுக் குழி. முதல் சாஃப்ட்வேரின் விலையைப் பார்த்து யோசிக்கிறவர்கள், நவம்பர் மாதத் தள்ளுபடியில் ஒவ்வொன்றாக வாங்கி, இரண்டு வருஷத்தில் அதைப்போல் மூன்று மடங்கு கொட்டியிருப்பார்கள். நானும் அந்த ஜாதிதான். மூன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்றை இரண்டே முறை திறந்திருக்கிறேன்.

இவை எதுவுமே தேவைப்படாத ஒரு கூட்டமும் உண்டு. ஹிப்-ஹாப், எலக்ட்ரானிக், ட்ராப் செய்கிறவர்களுக்கு அறையும் வேண்டாம், பத்து மைக்கும் வேண்டாம். ரோலண்டின் டி.ஆர்-808, 1980 முதல் 1983 வரை சுமார் 12,000 மட்டுமே தயாரிக்கப்பட்ட பெட்டி. அதன் கிக், நிஜ டிரம்ஸ் மாதிரி இல்லை என்று அன்றைக்கு ஒதுக்கப்பட்டது. இன்று காரில் கண்ணாடி அதிரும் பாட்டுகளில் பாதி அந்தக் கிக்கின் வாரிசுகள். அதற்கு ஒரு சின்ன சாம்பிள் கோப்பு போதும். எஃப்.எல் ஸ்டூடியோவின் எஃப்.பி.சி, ஏபிள்டன் லைவின் டிரம் ரேக் என்று எந்த சாஃப்ட்வேரை வைத்திருக்கிறோமோ அதற்குள்ளேயே அதை வாசிக்கும் கருவி இருக்கிறது. இவர்கள் டிரம் சாஃப்ட்வேருக்கு வைத்த காசில் நல்ல ஹெட்போன் வாங்கலாம்.

யார் வாசிப்பது

இனி இரண்டாவது சரக்கு. வாசிப்பை உள்ளே கொண்டுவர நமக்கு உள்ள வழிகள் மூன்றுதான். எதை எந்த வழியில் செய்யப்போகிறோம் என்று முதலில் முடிவாகிவிட்டால், எந்த சாஃப்ட்வேர் என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும்.

ஒன்று, மவுஸால் கட்டம் கட்டமாக அடைப்பது. இதில்தான் மூன்று கை முளைக்கும். தம்பியிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட பிறகு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஒரு பாரில் (ஒரு தாளச் சுற்றில்) எட்டு ஹை-ஹேட் என்றால் எட்டுக்கும் 100 போடாமல், 100, 68, 92, 64 என்று ஏற்றி இறக்க வேண்டும். வலது கை தோளிலிருந்து இறங்கும்போது விழும் அடி பலம், மணிக்கட்டு மட்டும் ஆடும்போது விழும் அடி மென்மை. இரண்டிலும் நாலிலும் விழும் ஸ்நேர் 110 என்றால், நடுவில் இடது கை சும்மா இருக்க முடியாமல் தொடும் அடிகள் 25-லிருந்து 40-க்குள். அவை தனியாகக் காதில் விழக்கூடாது. நீக்கினால் மட்டும் ஏதோ குறைகிறது என்று தெரிய வேண்டும். க்ராஷ் விழும் இடத்தில் கூடவே கிக் இருக்க வேண்டும், அதே நொடியில் ஹை-ஹேட் இருக்கக்கூடாது. அந்தக் கை க்ராஷுக்குப் போய்விட்டது. கடைசியாக, எல்லாவற்றையும் கட்டத்தில் ஒட்டவைக்கக்கூடாது. ஸ்நேரை மட்டும் ஐந்து, எட்டு மில்லி விநாடி பின்னால் தள்ளிப் பாருங்கள். பாட்டு சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். இப்படி ஒரு மூன்று நிமிடப் பாட்டைச் செதுக்க எனக்கு இரண்டு நாள் பிடிக்கிறது. பொறுமை உள்ளவர்களுக்கு இலவச சாஃப்ட்வேரே போதும்.

இரண்டாவது வழி, பிறர் வாசித்ததை எடுத்து அடுக்குவது. ஈஸிடிரம்மர், அடிக்டிவ் டிரம்ஸ் இரண்டிலும் நிஜ டிரம்மர்கள் எலக்ட்ரானிக் கிட்டில் (டிரம் செட்டில்) வாசித்த மிடி துண்டுகள் ஏராளமாக இருக்கின்றன. ஈஸிடிரம்மர் 3-ல் நம் கிடார் பதிவை உள்ளே போட்டால், அதன் தாளப் போக்குக்குப் பொருந்தும் துண்டுகளை அதுவே தேடிக் காட்டும். ஆப்பிளின் லாஜிக் புரோ எக்ஸ் 2013-ல் இதை வேறு விதமாகச் செய்தது. கைல் என்று பெயர் வைத்து ஒரு டிரம்மரையே தந்தது. ஒரு சதுரக் கட்டத்தில் புள்ளியை நகர்த்தி "சத்தமா, எளிமையா" என்று சொன்னால் போதும், வாசிப்பு மாறும். மேக் வைத்திருப்பவர்களுக்கு இதன் சின்ன வடிவம் கராஜ்பேண்டில் காசில்லாமலே கிடைக்கிறது. மேக் உள்ளவர் டிரம் சாஃப்ட்வேர் வாங்கும் முன் அதில் நாலு பாட்டாவது போட்டுப் பார்ப்பது நல்லது.

இந்த வழியில் நமக்கு ஒரு இடைஞ்சல் உண்டு. அந்தத் துண்டுகள் பெரும்பாலும் ராக், பாப், ஃபங்க் நடையில் வாசித்தவை. நம் பாட்டுகளில் வரும் "தகிட தகிட" திஸ்ர நடைக்கு 6/8, 12/8 என்று தேடினால் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் எடை விழும் இடம் வேறாக இருக்கும்; ப்ளூஸ் கிளப்பில் திருவிழா நடத்திய மாதிரி. ஐந்து, ஏழு அட்சரத்தில் போனால் ப்ரோக்ரெஸிவ் ராக் தொகுப்புகளில் சில துண்டுகள் அகப்படும், அவற்றில் மிஸ்ர சாப்பின் மூன்றும் நாலும் அந்த வரிசையில் பிரிந்திருக்குமா என்பது அதிர்ஷ்டம். வாங்குவதற்கு முன் பத்து நாள் சோதனைப் பதிப்பு கிடைத்தால், அதில் ஓசையைக் கேட்டு மயங்குவதை விட, நமக்கு வேண்டிய நடையில் எத்தனை துண்டு இருக்கிறது என்று எண்ணுவது பிரயோஜனம்.

மூன்றாவது, கையால் தட்டுவது. மிடி கீபோர்டோ, பேடோ, எலக்ட்ரானிக் கிட்டோ. இதில் தமிழ்நாட்டில் பலருக்கும் ஒரு சொத்து கைவசம் இருக்கிறது, பயன்படுத்துவதில்லை. மெல்லிசைக் குழுக்களில் ரிதம் பேட் இல்லாத மேடையே கிடையாது. ரோலண்டின் ஆக்டபேடோ எஸ்.பி.டி-20-யோ எல்லா ஊரிலும் யாரோ ஒருவரிடம் இருக்கும். அதற்கென்று இந்தியன் டோன் ஏற்றித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அதன் பின்புறம் மிடி அவுட் என்று ஒரு வட்டத் துளை இருக்கிறதே, அதில் ஒரு யு.எஸ்.பி மிடி கேபிளைச் செருகினால், அந்த எட்டுப் பேடும் பெர்லின் ஸ்டூடியோவின் டிரம்ஸை வாசிக்கும். எந்தப் பேடுக்கு எந்த எண் என்று மட்டும் சொல்லித்தர வேண்டும். 1991-ல் வந்த ஜெனரல் மிடி ஒழுங்கின்படி கிக் 36, ஸ்நேர் 38, மூடிய ஹை-ஹேட் 42, திறந்தது 46, க்ராஷ் 49, ரைடு 51. இதில் ஒரு குழப்பம் வரும். 36 என்ற அதே சுரத்தை ஒரு கம்பெனி சி1 என்று எழுதும், இன்னொன்று சி2 என்று எழுதும். பெயரை நம்பாமல் எண்ணைப் பார்த்தால் ஒரு மாலைப்பொழுது மிச்சம்.

தட்டி வாசிக்கிறவருக்கு மட்டும் ஒரு தலைவலி கூடுதலாக உண்டு: தாமதம். தட்டியதற்கும் ஓசை வருவதற்கும் நடுவே கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும் நேரம். 44,100 ஹெர்ட்ஸில் பஃபர் (கம்ப்யூட்டர் ஒரே தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலித் துண்டின் அளவு) 1,024 என்று இருந்தால் அது மட்டும் 23 மில்லி விநாடி. 256 என்று குறைத்தால் 6-க்குள் வந்துவிடும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் போக ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகிறது. அப்படிப் பார்த்தால் 23 மில்லி விநாடித் தாமதம் என்பது, நாம் இங்கே தட்டி, ஓசை எட்டு மீட்டர் தள்ளி ஹாலின் மறுகோடியிலிருந்து வருவது மாதிரி. எந்த டிரம்மரும் வாசிக்க மாட்டார். விண்டோஸில் இன்டர்ஃபேஸுக்கு உரிய ஏஸியோ டிரைவரைப் போட்டால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். சாஃப்ட்வேரைத் திட்டுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். நான் ஒரு வாரம் திட்டினேன்.

மத்தளம் கேட்டால் என்ன கிடைக்கும்

நம்மவர்கள் போடும் பாட்டில் டிரம்ஸ் மட்டுமா இருக்கிறது? டோலக், தபேலா, தவில், பறை, உறுமி எல்லாம் வேண்டும். மேலே சொன்ன பெரிய சாஃப்ட்வேர்களை வாங்கும்போது கிடைக்கும் அடிப்படைத் தொகுப்பில் இவை எதையும் தேட வேண்டாம். ஸ்வார் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஸ்வார்ப்ளக்கில் தபேலா, மிருதங்கம், டோலக் முதலியவை வாசிப்புத் துண்டுகளோடு வருகின்றன. நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் இந்தியா என்ற பெயரில் ஒரு தொகுப்பு வைத்திருக்கிறது. டெல்லியின் க்ரிப்டோ சைஃபர் மாதிரி நம் நாட்டு நிறுவனங்களும் கான்டாக்ட் என்ற, சாம்பிள்களை வாசிக்கும் சாஃப்ட்வேருக்கான தொகுப்புகள் செய்கின்றன.

வட இந்தியக் கருவிகளுக்கு நிலைமை பரவாயில்லை. தெற்கே வரவரத் தட்டுப்பாடு. தட்டுப்பாட்டை விட அடிப்படையான ஒரு சிக்கலும் இருக்கிறது. சாம்பிள் என்ற ஏற்பாடு டிரம்ஸுக்கு அப்படியே பொருந்தும். ஸ்நேரைக் குச்சியால் அடித்தால் குச்சி எழும்பிவிடும். அதன் பிறகு ஓசை தன் போக்கில் அடங்கும். ஒரு அடி, ஒரு பதிவு. மிருதங்கத்தில் அப்படியில்லை. தொப்பியில் (இடது பக்கத்தில்) அடித்த பிறகும் உள்ளங்கை தோலின் மேல் வழுக்கிக் கும்கி கொடுக்கும். சுருதி அங்கே வளைந்து ஏறும். எவ்வளவு வளைவது, எங்கே நிறுத்துவது என்பது அடுத்து வரும் சொல்லைப் பொறுத்தது. தனித்தனி அடிகளாக வெட்டி எடுத்த மிருதங்கத்தை எவ்வளவு அழகாகக் கோர்த்தாலும், எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரித்தான் கேட்கும். தவிலில் வலது கை விரல்களின் கூடும் இடது கைக் குச்சியும் சேர்ந்து பொரியும் வேகத்தைக் கட்டத்தில் அடைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதனால் இந்தக் கருவிகளுக்குத் தனி அடித் தொகுப்பை விட, முழுச் சொற்கட்டாக வாசித்த லூப்கள் (திரும்பத் திரும்ப ஓடவிடும் துண்டுகள்) நன்றாக வேலை செய்கின்றன. டெம்போவும் சுருதியும் நம் பாட்டுக்கு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மிருதங்கம் சுருதி சேர்ந்த வாத்தியம். அரைக்கட்டை மாறினாலும் காது காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே கணக்கே தலைகீழாகிறது என்பது என் அபிப்பிராயம். டிரம்ஸை வீட்டில் பதிவு செய்ய முடியாது, ஆகவே சாஃப்ட்வேர். மிருதங்கத்துக்கோ கஞ்சிராவுக்கோ பத்து மைக் வேண்டாம். பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு மைக். கஞ்சிராவுக்கு ஒன்றே போதும். மெத்தையும் துணி அலமாரியும் உள்ள படுக்கையறை தாராளம். இறக்குமதித் தொகுப்புக்குக் கொடுக்கும் பணத்தை, ஊரில் வாசிக்கும் ஒருவரை ஒரு மத்தியானம் அழைத்து, மரியாதையாகக் கையில் கொடுத்தால், பாட்டுக்கென்றே வாசித்த வாசிப்பு கிடைக்கும். பறையும் தவிலும் மட்டும் வீட்டுக்குள் அடங்காது. அவற்றைத் தோட்டத்திலோ மொட்டை மாடியிலோ பதிவு செய்த நண்பர்கள் இருக்கிறார்கள். காக்கைச் சத்தமும் சேர்ந்துதான் வந்தது.

லேப்டாப்பிடமும் கேட்க வேண்டும்

பெரிய தொகுப்புகளை டிஸ்கிலிருந்து ஓட ஓடப் படிப்பார்கள். பழைய சுழலும் ஹார்டு டிஸ்கில் வைத்தால் ஃபில் வரும் இடத்தில் திக்கும். எஸ்.எஸ்.டி. கட்டாயம் என்றே சொல்லிவிடலாம். மெமரி 8 ஜி.பி. என்றால் சமைத்த வகை ஓடும், பச்சை வகையில் எல்லா மைக்கையும் திறந்தால் மூச்சு முட்டும். நான் முதலில் ஆசைப்பட்டு வாங்கிய பெரிய தொகுப்பை இறக்கவே நாலு நாள் ஆனது. இறக்கிய பிறகு ஒரு கிட்டைத் திறக்க ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். கடைசியில் அரைவாசி மைக்குகளை மூடி, 16 பிட்டுக்கு இறங்கி, சின்ன சாஃப்ட்வேரின் ஓசைக்கே வந்து சேர்ந்தேன்.

காசே போடாமல் தொடங்க நினைத்தால், எம்.டி பவர் டிரம் கிட் 2 இருக்கிறது. திறக்கும்போது நன்கொடை கேட்கும், தாண்டிப் போகலாம். ஒரே ஒரு கிட்தான், ஆனால் மிக்ஸில் உட்காரும், வாசிப்புத் துண்டுகளும் உண்டு. ஸ்டீவன் ஸ்லேட் டிரம்ஸ் 5.5-க்கு இலவசப் பதிப்பு ஒன்று இருக்கிறது. லினக்ஸ்காரர்களுக்கு ஹைட்ரஜன். க்யூபேஸ் வைத்திருப்பவர்களிடம் க்ரூவ் ஏஜென்ட் எஸ்.இ. ஏற்கெனவே இருக்கிறது; பாதிப் பேர் அதைத் திறந்ததே இல்லை. முதல் பத்துப் பாட்டுக்கு இவற்றுக்கு மேல் வேண்டும் என்று யாராவது சொன்னால் அவர் எதையோ விற்கிறார் என்று அர்த்தம்.

பத்துப் பாட்டுக்குப் பிறகு எது போதவில்லை என்று தெரிந்துவிடும். வாசிப்புத் துண்டு போதவில்லை என்றால் ஈஸிடிரம்மர் பக்கம். ராக் ஓசைதான் வேண்டும், துண்டு வேண்டாம் என்றால் ஸ்லேட். லேப்டாப் பழையது என்றால் அடிக்டிவ் டிரம்ஸ். எலக்ட்ரானிக் கிட் வைத்து ஹை-ஹேட் பெடலை இஞ்ச் இஞ்சாகத் திறந்து மூடி வாசிக்கிறவருக்கும், நிஜமாகவே மிக்ஸிங் தெரிந்தவருக்கும் சுப்பீரியர். அந்தப் படிப்படியான திறப்பைச் சின்ன சாஃப்ட்வேர்கள் இவ்வளவு நுணுக்கமாகக் காட்டுவதில்லை. ஏற்கெனவே பதிவான டிரம்ஸ் ஓசையை மிடியாக மாற்றித் தரும் ட்ராக்கர் வசதியும் அதில் இருக்கிறது. சர்ச்சில் பதிவு செய்த மோசமான டிரம்ஸை அப்படித் தேற்றி எடுத்திருக்கிறோம்.

எடுத்திருக்கிறோம் என்றால், அந்தத் தம்பியும் நானும். மூன்று கை விவகாரத்துக்கு அடுத்த வாரம் அவன் தன் ரிதம் பேடைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். கேபிள் செருகி, எண்களைப் பொருத்த அரை மணி நேரம். கிக்கை மட்டும் நான் புரோகிராம் செய்தபடியே விட்டுவிட்டு, மேலே இரண்டு குச்சியில் அவன் வாசித்தான். இரண்டாவது டேக்கிலேயே முடிந்தது. ஓசை நான் முன்பு வைத்திருந்த அதே கிட், அதே பிரீசெட். திரையில் பார்த்தால் ஒரு அடியும் கோட்டின் மேல் இல்லை. எனக்கு இழுத்துக் கோட்டில் வைக்கக் கை துறுதுறுத்தது. "தொடாதீங்க அண்ணே" என்றான். சரணத்துக்குத் திரும்பும் இடத்தில் ஃபில் வருகிறது, ஹை-ஹேட் நின்றுபோகிறது, ஃபில் முடிந்து ஒன்றில் க்ராஷ்.